ஜும்ஆவுக்குப் பிந்திய முதல் ஓடர்

தான் எழுதியதில் பிழை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நிஷாந்தினிக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். கோபம் பிறகு வரும். அந்தப் பிள்ளைக்குத் தலைக்கனம் என்று வெள்ளவத்தையில் ஒன்றிரண்டு பேர் சொல்லித் திரிந்தார்கள். சொல்லட்டுமே. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, காலி வீதியில் சாரிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்து, பல கடைகள் நம்பிப் பாவிக்கிற ஒரு லைப்ரரியைத் தனியாளாக எழுதி முடித்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் யார் குடி முழுகிப் போகும்?

லைப்ரரி என்றதும் புத்தக அலுமாரியை நினைக்க வேண்டாம். மற்றப் புரோகிராம்கள் எடுத்துப் பாவிப்பதற்கென்றே முன்கூட்டி எழுதி வைக்கிற துண்டு அது. வீடு கட்டுகிறவர் கதவையும் ஜன்னலையும் பட்டறையில் வாங்கிப் பொருத்திக்கொள்கிறார் அல்லவா, அந்த மாதிரி. நிஷாந்தினியின் லைப்ரரிக்குத் தூது என்று பெயர். இங்கே இருக்கிற கம்பியூட்டரிலிருந்து ஒரு சேதியை வாங்கி அங்கே இருக்கிற கம்பியூட்டரிடம் சேர்ப்பது அதன் வேலை. வேறு ஒரு வேலையும் அதற்குத் தெரியாது.

அந்த ஒரு வேலையில்தான் வில்லங்கம் வந்து சேர்ந்தது.

ஸப்வான் ஹாஜியாருக்கு இரண்டு பாமசிகள். ஒன்று வெள்ளவத்தையில், மற்றது கொட்டாஞ்சேனையில். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளும் விலைகூடிய மருந்துகளும் வத்தளையில் இருக்கும் அவருடைய ஸ்டோர்ஸில் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் ஓடரை அடித்து, பட்டனை அமத்தினால், தூது அதை வத்தளைக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் மருந்து நேராக நோயாளியின் வீட்டு வாசலுக்குப் போய்விடும். ஓடர் போனதும் கவுண்டர் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழும். கூடவே நோயாளியின் விவரமும் திரையிலிருந்து மறைந்துவிடும். ஆருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்பது கவுண்டர் கம்பியூட்டரில் தங்கிக் கிடக்கக் கூடாது என்று நிஷாந்தினிதான் அப்படிச் செய்து வைத்திருந்தாள். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணமே ஒரு பெண்ணின் கழுத்தில் வந்து விழும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கொட்டாஞ்சேனைக் கடையிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை ஒரு ஓடர் வத்தளைக்குப் போய்ச் சேரவில்லை. பிரஷர் குளிசைதான், ஆளும் பொறுமையான ஆள், அடுத்த நாள் வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போகாமல் விட்டது முகத்துவாரத்துச் செல்லையாவின் இன்சுலின். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த மனுசன் அவர். பொழுது படும் நேரத்தில் தலை சுற்றி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒருவாறு தப்பி வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை அவருடைய மகள் அருள்நாயகி பாமசி வாசலில் நின்று போட்ட சத்தம் நாலு கடைக்குக் கேட்டது. "எங்கப்பாவ சாகடிக்கப் பாத்தியாடி?" என்று அவள் கேட்டது கவுண்டரில் நின்ற ரபீக்காவிடம். ஏனென்றால், "இந்தப் புள்ளதான் அமத்த மறந்துட்டா" என்று ஹாஜியார் அதற்கு முன்பே கை காட்டியிருந்தார்.

"நான் அமத்தின. பச்ச சரியும் வந்த," என்றாள் ரபீக்கா. அதைக் காட்டத் திரையில் ஒரு அடையாளமும் மிஞ்சியிருக்கவில்லை.

"நீ அமத்தினதா நெனச்சிருப்பாய்," என்றார் ஹாஜியார்.

இந்தக் கதையெல்லாம் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது கம்பனி முதலாளி கஜேந்திரன் ஆசுவாசமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உதில யோசிக்க என்ன இருக்கு நிஷா? வெள்ளவத்தைக் கடையிலயும் இதே தூதுதான் ஓடுது. இவ்வளவு காலத்தில அங்க ஒரு ஓடராவது தவறினதே? ஒரு இடத்தில ஓடுது, மற்ற இடத்தில ஓடேல்ல எண்டால், அது மனுசரிட பிழை. அதுவும் ரெண்டு தரமும் வெள்ளிக்கிழமை. அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்குப் போற நினைப்பு."

நிஷாந்தினிக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கிழமை முழுவதும் தூதைப் போட்டு வதைத்தாள். ஓடர் போய்க்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கினாள். வயரைத் திரும்பக் குத்தியதும் தூது விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கரண்டை நிறுத்தினாள், கரண்ட் வந்ததும் தானாக வத்தளையைத் தேடிப் பிடித்தது. சிக்னல் இல்லாத மூலையில் கொண்டுபோய் வைத்தாள். ஒரே மூச்சில் ஓடர்களை அள்ளிக் கொட்டினாள். தூது எல்லாவற்றையும் விழுங்கி ஏப்பம் விட்டது.

"சுத்தமா இருக்கு அண்ணா," என்றாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை நீ ஒருக்கா அங்க போய் நில். ஹாஜியார் கேக்கிறார். கம்பியூட்டரில பிழை எண்டால் ரெண்டு கடையிலயிருந்தும் எங்கட சாமானைக் கழட்டுறாராம். பிள்ளையில பிழை எண்டால் பிள்ளையை அனுப்புறாராம்."

இரண்டில் எது நடக்கும் என்பதில் நிஷாந்தினிக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் வேறு, பிழை வேறு.

வெள்ளிக்கிழமை பகலுக்குக் கொஞ்சம் முன்னதாக அவள் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஹாஜியார் கடை வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மச்சானின் மகளுக்குக் கலியாணம் போலிருக்கிறது. எத்தனை வேன் பிடிப்பது, பெண்கள் எதில் போவது, யாரை எங்கே ஏற்றுவது என்று மனைவிக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "என்ன செல்றீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. "ஹலோ? ஹலோ?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"எப்பயோ கட்டாகி ஈக்கி. இவ்வளவு நேரமும் நான் செவரோட பேசியிருக்கேன். வாங்க மிஸ், உள்ளுக்கு வாங்க."

ரபீக்கா கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். ஒல்லியான, சின்ன உருவம். நிஷாந்தினியைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டக் கூட்டிவந்த ஆட்டுக்குக் கத்தி கொண்டுவருகிறவரை அடையாளம் தெரியாதா என்ன?

நிஷாந்தினி லப்டொப்பைத் திறந்து கடைக் கம்பியூட்டருடன் பொருத்தினாள். வத்தளைக்குப் போகிற இணைப்பின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற ஒரு சின்னப் புரோகிராமை ஓடவிட்டாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று நகரத் தொடங்கியது. இணைப்பு எங்கேயாவது அறுந்தால் கோடு சிவப்பாகும். அறுந்த நொடி அவளுக்குத் தெரியும். இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஹாஜியாரும் மருந்து கொடுக்கிற பாமசிஸ்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார்கள். பாமசிஸ்ட் இல்லாமல் மருந்து விற்க முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டுப் போவார்கள். உள்ளே ரபீக்கா மட்டும் இருப்பாள். அவள் பின்னறைக்குப் போய் லுஹர் தொழுதுவிட்டு வந்து, சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். பாதிச் சோற்றை மூடியில் போட்டு நிஷாந்தினியின் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று சொல்ல நிஷாந்தினிக்கு வாய் வரவில்லை.

"அன்னைக்கு ரொம்பப் பேசிட்டாங்களோ, அந்தம்மா?" என்று கேட்டாள்.

"வாப்பாக்கு அப்பிடி நடந்தா நானும் பேசுவன் தானே மிஸ்," என்றாள் ரபீக்கா. "அவங்க மேல கோவம் இல்ல. ரோட்டுல போற ஆக்கள் எல்லாம் பாத்த. இப்ப கடைக்கு வாற ஆக்கள், நான் அமத்தின பொறகும், 'புள்ள, சரியா அமத்தினியா?' எண்டு கேக்குறாங்க. உம்மா வீட்டுல அழுற. வேல போனாப் போகட்டும். ஆள சாகடிக்கப் பாத்தவ எண்டு பேர் வந்தா அது எங்க போகும்?"

நிஷாந்தினி சோற்றைப் பிசைந்துகொண்டே பச்சைக் கோட்டைப் பார்த்தாள். அது அறாமல் பச்சையாகவே போய்க்கொண்டிருந்தது.

ஜும்ஆ முடிந்து ஷட்டர் ஏறியது. முதல் ஓடர், களனிப் பக்கத்து ஆளொருவருக்குக் கண் மருந்து. ஹாஜியார் ஒரு பக்கம், நிஷாந்தினி ஒரு பக்கம். நடுவில் நின்று ரபீக்கா ஓடரை அடித்து, பட்டனை அமத்தினாள். பச்சை சரி விழுந்தது. ஹாஜியார் உடனே வத்தளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார்.

"ஓம் ஹாஜியார், வந்திட்டுது. கண் மருந்துதானே?" என்றான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் கார்த்திகன்.

"பாத்தீங்களா மிஸ்?" ஹாஜியாரின் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "பக்கத்துல ஆள் நிண்டா ஒழுங்கா அமத்துறா. ஆள் இல்லாட்டி மறக்குறா. நான் கெட்டவன் இல்ல. ஆனா மருந்துல வெளையாட ஏலா. ரபீக்கா, நாளைக்கி வர வேணாம் மகள்."

ரபீக்கா திரும்பிக்கொண்டாள். கவுண்டர் மேல் கிடந்த பேனைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் குவளைக்குள் போட்டாள்.

நிஷாந்தினியின் போன் அடித்தது. கஜேந்திரன்.

"கார்த்திகன் சொன்னவன். பாத்தியே, உன்ர தூது தங்கம். வெளிக்கிட்டு வா, பின்னேரம் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தாறன்."

அவள் வென்றுவிட்டாள். லப்டொப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான் பாக்கி. மூடுவதற்குக் கையை வைத்தாள். அப்போது ரபீக்கா, யாரையும் பார்க்காமல், குவளையைப் பார்த்துச் சொன்னாள்: "மத்த ரெண்டு கிழமையும் நான் இப்பிடித்தான் அமத்தின. இதே மாதிரித்தான்."

இதே மாதிரி. அந்தச் சொல் நிஷாந்தினிக்குச் சுருக்கென்று தைத்தது. பிழை தேடுகிறவர்கள் ஒரு கேள்வியை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டுகிறார்கள்: நேற்று நடந்தது இன்று ஏன் நடக்கவில்லை? இன்று எது புதிது? அதே கடை. அதே வெள்ளிக்கிழமை, அதே ஜும்ஆ, அதே விரல். புதிதாக அந்தக் கவுண்டருக்கு வந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்.

நான்தான் புதிது, என்று நினைத்தாள். நானும் என் பச்சைக் கோடும்.

அந்தக் கோடு எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா, அவள் எழுதியதுதானே. நாடி பார்க்கிற புரோகிராம், அதே இணைப்பு வழியாக, நிமிசத்துக்கு நிமிசம் வத்தளையைக் கூப்பிட்டு 'இருக்கிறாயா?' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று அது பதில் சொல்லும். அதாவது இன்று ஜும்ஆ நேரம் முழுவதும் அந்த இணைப்பில் பேச்சு நடந்துகொண்டே இருந்திருக்கிறது. மற்ற வெள்ளிக்கிழமைகளில்? ஷட்டர் பாதிக்கு இறங்கிக் கிடக்கும். ஓடர் இல்லை. ஒரு சத்தம் இல்லை.

கடையின் மூலையில், தூசி படிந்த சின்னப் பெட்டியாக ரூட்டர் மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் குணமும் அவளுக்குத் தெரியும். ஒரு இணைப்பில் நெடுநேரம் பேச்சில்லாவிட்டால், இது முடிந்துபோன கதை என்று நினைத்துச் சத்தமில்லாமல் அறுத்துவிடும். இந்தப் பக்கத்துக்கும் சொல்லாது, அந்தப் பக்கத்துக்கும் சொல்லாது. தூது பாவம், இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று நம்பி ஜும்ஆவுக்குப் பிந்திய முதல் ஓடரைத் தூக்கி அதில் போடும். போட்ட கையோடு பச்சை சரியைக் காட்டும். ஓடர் ஒரு இடத்துக்கும் போயிராது. அதற்குப் பிறகுதான் அறுந்த விசயம் தூதுக்குத் தெரியவரும். உடனே வத்தளைக்குப் புது இணைப்புப் போட்டு, இரண்டாவது ஓடரைக் கச்சிதமாகச் சேர்க்கும். தொலைந்தது முதலாவது மட்டும்.

வெள்ளவத்தைக் கடை ஜும்ஆவுக்கு மூடுவதில்லை. அங்கே ஓடர் ஓயாது. இரவில் இரண்டு கடையிலும் கம்பியூட்டரை நிறுத்திவிடுவார்கள். காலையில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கம்பியூட்டர் விழித்திருக்க, மனுசர் வாய் மூடியிருக்கிற நேரம் அந்த இரண்டு கடையிலும் சேர்த்து ஒன்றுதான் உண்டு. அது கொட்டாஞ்சேனையில் வெள்ளிக்கிழமைப் பகல். வயர் அறும், கரண்ட் போகும், மழையில் சிக்னல் சாகும் என்று எல்லாக் கெடுதியையும் யோசித்து வைத்த நிஷாந்தினி, எல்லாம் நன்றாக இருக்கும்போது மனுசர் எழும்பித் தொழப் போவார்கள் என்பதை யோசிக்கவில்லை. ரூட்டர் அறுத்ததில் ஒரு குற்றமும் இல்லை. போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமலே சரி போட்டதுதான் குற்றம், அதைப் போட்டது அவள் எழுதிய தூது.

வெட்கமாக இருந்தது. முகம் சூடேறியது. ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. பிழை பிடிபட்டுவிட்டால் வருகிற அந்தப் பழைய தைரியம். அவள் லப்டொப்பின் வயரைக் கழற்றி, மூடி, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தாள்.

"ஹாஜியார், எனக்கு இன்னொரு ஜும்ஆ வேணும்."

"என்ன மிஸ்?"

"இப்பவே. ஜும்ஆ நேரம் மாதிரி, இந்தக் கம்பியூட்டர யாரும் தொடக் கூடாது. நானும் தொட மாட்டேன். ஓடர் வந்தா வத்தளைக்குப் போன்ல சொல்லுங்க. ஒரு மணித்தியாலம் குடுத்தாப் போதும்."

"ஏன்? பாத்து முடிஞ்சுதானே? உங்கட சாமான் நல்லந்தானே?"

"என் சாமான்லதான் பிழை ஈக்கின்னு நெனைக்கிறேன்," என்றாள். ஹாஜியாரோடு பேசிப் பேசி அவர் பாஷையே வாயில் வந்துவிட்டது. "நெனைக்கிறது இல்லீங்க, தெரியும். காட்டுறேன்."

பேனைக் குவளைப் பக்கமிருந்து சத்தம் நின்றது.

ஹாஜியார் தாடியைத் தடவினார். தன் பொருள் நல்லது என்று வாதாடுகிற ஆட்களோடு மல்லுக்கட்டி அவருக்குப் பழக்கம். தன் பொருள் பிழை என்று அடம்பிடிக்கிற ஒருத்தியை அவர் இதற்கு முன் கண்டதில்லை.

"காட்ட ஏலாட்டி?"

"ஏலாட்டி தூதைக் கழட்டிட்டுப் போயிருறேன். கஜேந்திரன் அண்ணாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

கஜேந்திரனுக்கு இது தெரிந்திருந்தால் ரோல்ஸ் தொண்டையில் சிக்கியிருக்கும். ஆனால் அவர் பாவம், வெள்ளவத்தையில் இருந்தார்.

அந்த ஒரு மணித்தியாலம் லேசில் போகவில்லை. ஹாஜியார் இரண்டு தரம் பழக்கதோசத்தில் கீபோர்டுக்குக் கையை நீட்டினார். இரண்டு தரமும் நிஷாந்தினி குறுக்கே தன் கைப்பையை வைத்தாள். மருந்துத் துண்டோடு வந்த ஒரு சிங்கள மனிதர், கம்பியூட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டார். "பொட்டக் இன்ன மாத்தயா," கொஞ்சம் பொறுங்கள் என்று ஹாஜியார் சமாளித்துவிட்டு, வத்தளைக்குப் போன் அடித்து மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். கார்த்திகனுக்குச் சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொன்னார். "தூது இல்லாட்டி உசிர் போகுது," என்று முணுமுணுத்தார். நிஷாந்தினி அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள். ரபீக்கா மூன்று பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். நிஷாந்தினியின் கோப்பையை வைக்கும்போது முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள்.

"மிஸ், இது பிழைச்சிட்டா உங்களுக்கும் வேல போகுமா?"

"பிழைக்காது," என்றாள் நிஷாந்தினி.

நேரம் முடிந்தது. நிஷாந்தினி கைப்பையை எடுத்தாள்.

"இப்ப ஒரு ஓடர் அனுப்புவோம். செல்லையா ஐயாட இந்தக் கிழமை இன்சுலின் இன்னும் போகலத்தானே? அதையே அனுப்புங்க. ஆனா அமத்துறது ரபீக்கா இல்ல, ஹாஜியார் நீங்க."

"நான் ஏன்?"

"உங்க விரல்ல உங்களுக்குச் சந்தேகம் வராதே."

ஹாஜியார் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஓடரை அடித்தார். பெயர், விலாசம், மருந்து எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். சுட்டுவிரலை உயர்த்தி, மற்றவர்கள் பார்த்திருக்க, பட்டனை அமத்தினார்.

பச்சை சரி பளிச்சென்று விழுந்தது. செல்லையாவின் பெயர் திரையிலிருந்து மறைந்தது.

"போயிட்டு," என்றார் ஹாஜியார்.

"வத்தளையக் கேளுங்க."

அவர் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார். "கார்த்திகன், முகத்துவாரத்து ஓடர் வந்தா?"

"இல்லையே ஹாஜியார். ஒண்டும் வரேல்ல."

"வடிவா பாருங்க."

"வடிவாப் பாத்தனான். கண் மருந்துக்குப் பிறகு கம்பியூட்டரில ஒண்டும் வரேல்ல." கார்த்திகனின் குரல் கடை முழுவதும் கேட்டது. "ஏன், அந்தப் பிள்ளை இண்டைக்கும் அமத்த மறந்திட்டாளோ?"

மாத்திரைக்கு நின்ற ஒரு அம்மா கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அவ இல்ல," என்றார் ஹாஜியார். "நான் அமத்தின."

"நீங்களோ?" கார்த்திகன் கொஞ்சம் தயங்கினான். பிறகு முதலாளியிடம் பேசுகிற பணிவோடு, இதமாகச் சொன்னான்: "நீங்க அமத்தினதா நினைச்சிருப்பீங்க ஹாஜியார். வேலை கூடின நேரத்தில அப்பிடி வாறதுதானே."

ஹாஜியாரின் முகம் சிவந்தது. "இல்ல கார்த்திகன். நான் அமத்தின. பச்ச சரியும் வந்த."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது யாருடைய வார்த்தை என்று அவருக்கு விளங்கியது. போனைக் கவுண்டரில் வைத்தார். ரபீக்காவின் பக்கம் திரும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"காலையில நீங்க வீட்டம்மாவுக்குக் கலியாண வேன் கதையெல்லாம் சொன்னீங்களே, ஹாஜியார்," என்றாள் நிஷாந்தினி. அவரைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. பாரத்தில் பாதியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத்தான் சொன்னாள். "நீங்க பேசினது உண்மை. அங்க போய்ச் சேராததும் உண்மை. லைன் எப்பவோ கட்டாயிருச்சு. அதே மாதிரித்தான் இதுவும். யாராவது கதை சொன்னா நாம 'உம்' கொட்டுறோம்ல? தூது அங்கயிருந்து உம் வந்துச்சான்னு கேக்காமலே சரி போட்டிருச்சு. அப்பிடி எழுதினது நான். ரபீக்கா பொய் சொல்லல. பொய் சொன்னது என் புரோகிராம்."

"யா அல்லாஹ்," என்றார் ஹாஜியார் மெதுவாக. "ரபீக்கா. மகள்."

ரபீக்காவின் கண் நிறைந்திருந்தது; ஆனால் அவள் அழவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினாள்.

"இன்சுலின் போகல்ல ஹாஜியார். திரும்ப அமத்துங்க. ரெண்டாவது போகும், மத்த ரெண்டு கிழமையும் அப்பிடித்தானே போன."

ஹாஜியார் திரும்பவும் எழுத்தெழுத்தாக அடித்து, அமத்தினார். "இப்ப வந்திட்டுது," என்றது ஸ்பீக்கர். ஒன்றும் தெரியாத கார்த்திகன், "பாத்தீங்களா, இப்பதான் சரியா அமத்தியிருக்கிறீங்க," என்று பாராட்டவும் செய்தான். முதலில் சிரித்தது ரபீக்காதான்.

நிஷாந்தினி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து லப்டொப்பைத் திறந்தாள். செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று, பேச்சில்லாத நேரத்திலும் தூது வத்தளையோடு இடையிடையே ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருக்க வேண்டும். மற்றது அதைவிடப் பெரியது: வத்தளையிலிருந்து 'வந்தது' என்ற பதில் வரும் மட்டும் பச்சை சரி விழக் கூடாது, பதில் வராவிட்டால் ஓடர் திரையிலேயே நிற்க வேண்டும். எழுதிக்கொண்டே கஜேந்திரனுக்குப் போன் எடுத்தாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கிறன், இருக்கிறன். எப்ப சரிவரும்?"

"கடை மூட முந்தி. ரோல்ஸ் எடுத்து வைங்க."

அவள் எழுதி முடித்தாள். ஹாஜியார், யாரும் கேட்காமலே, இன்னொரு ஜும்ஆ நேரம் போல ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, அஸர் தொழுகைக்குப் போய், வேண்டுமென்றே மெல்ல நடந்து வந்தார். அவர் திரும்பி வந்ததும் ரபீக்கா அமத்தினாள். பச்சை சரி உடனே விழவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம் தாமதித்து, வத்தளையைக் கேட்டுக்கொண்டு வந்து விழுந்தது. கார்த்திகனும் வந்தது என்றான்.

"நாளைக்கி நேரத்தோட வாங்க மகள்," என்றார் ஹாஜியார்.

"நான் வாறது இருக்கட்டும்," என்றாள் ரபீக்கா. அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்து, நேராக வந்தது. "முகத்துவாரத்து ஆக்களுக்கு இத ஆர் செல்ற? நான்தான் மறந்த எண்டு அவங்களுக்கு செல்லி ஈக்கிதானே. அத அப்பிடியே உட ஏலா."

ஹாஜியார் தலையை ஆட்டினார். மறுபேச்சுப் பேசாமல் அருள்நாயகியின் நம்பரைத் தேடி எடுத்து, அழைப்பைப் போட்டார். போன் மணி அடிக்கத் தொடங்கியது. நிஷாந்தினி தன் கையை நீட்டினாள்.

"குடுங்க ஹாஜியார். மொதல்ல நான் பேசுறேன். பிழை என்னோடது. அப்புறம் நீங்க பேசுங்க."

போன் அவள் கைக்கு வந்தது. அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டதும், மனதில் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"மிஸ்," என்றாள் ரபீக்கா, கவுண்டருக்குப் பின்னாலிருந்து. "மொதல்ல அங்க கேக்குதா எண்டு கேட்டுட்டுப் பேசுங்க."

நிஷாந்தினி வாயை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"கேக்குது, சொல்லுங்க," என்றாள் அருள்நாயகி.